மாநில மனநல ஆணையம்: அதில் அமர்வோர் யார்?

ஒரு கிராமத்தில் இரு குழந்தைகளின் தாயான ஒரு பெண்மணி சில மாதங்களாக இரவில் உறக்கமின்றியும், அடுப்பு மூட்டுவதை மறந்தும், அருகில் இல்லாதாருடன் பேசிக்கொண்டும் இருந்து வருகிறார் என்று கொள்க. மூத்த குழந்தை பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவதை முதலில் கவனிப்பவர் ஆசிரியர். வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர் அதன் காரணத்தை அறிகிறார். ஒரு நாள் அப்பெண்மணி வீட்டைவிட்டு வெளியேறி ரயில் நிலையத்தில் அலைந்தால், அவரைக் காண்பவர் போலீஸார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர், ஜில்லா ஆஸ்பத்திரியின் மனநோய் நிபுணர், தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட், குணமடைந்து திரும்பிய பின் உதவித் தொகைக்காகச் சமூக நலத் துறை அலுவலர் என, ஒரே நோய் பல கைகளைக் கடந்து செல்கிறது. இவர்களுள் ஒருவருக்கும் மற்றவர் மீது அதிகாரம் கிடையாது. ஒருவர் செய்யத் தவறியதை இன்னொருவர் அறிவதுகூட அரிது.

இந்தப் பல கைகளையும் ஓரிடத்தில் சேர்க்கும் பொருட்டு, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மாநில மனநல ஆணையம் நிறுவப்பட வேண்டுமென விதித்தது. இச்சட்டம் 2017 ஏப்ரல் 7-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆணையம் தானே ஒரு நோயாளிக்கும் சிகிச்சை அளிப்பதில்லை. சிகிச்சை அளிக்கும் நிலையங்களைப் பதிவு செய்தல், அவற்றின் தரத்துக்கு விதிகள் வகுத்தல், மேற்பார்வையிடல், புகார்களைப் பெறுதல் ஆகியவை அதன் வேலைகள். மருத்துவ உளவியல் நிபுணர், மனநல நர்ஸ், மனநோய்ச் சமூகப் பணியாளர் ஆகியோரைப் பதிவு செய்து, அவர்தம் பட்டியலை வெளியிடுவதும், சட்டத்தின் விதிகளைப் பற்றிப் போலீஸாருக்கும் மருத்துவ ஊழியருக்கும் பயிற்சி கிடைக்கச் செய்வதும் அதன் பொறுப்பே. இத்தகைய சபை எவ்வாறு செயற்படும் என்பது பெரும்பாலும் அதில் யார் அமர்கின்றனர் என்பதைப் பொறுத்தது. ஆகவே அங்கத்தினர் பற்றிய சட்டப் பிரிவு, படிப்பதற்கு வறட்சியாகத் தோன்றினும், களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

முன்னாளில் நிலவிய முறை

நாடு விடுதலை பெறுவதற்குச் சற்று முன்னர், 1946-இல் வெளிவந்த போர் கமிட்டியின் அறிக்கை இந்தியாவில் சுமார் 40,000 மக்களுக்கு ஒரு படுக்கை வீதமே மனநோய் ஆஸ்பத்திரிகளில் இருந்ததாகக் கணக்கிட்டது. இங்கிலாந்தில் அப்போது ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு படுக்கை இருந்தது. இருந்த படுக்கைகளையும் ஆண்டது 1912-ஆம் ஆண்டின் இந்திய லூனஸி சட்டம். லூனஸி என்னும் ஆங்கிலச் சொல் சந்திரனைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நிலவின் வளர்பிறை தேய்பிறையால் மனிதன் மதி மயங்குகிறான் என்ற பழைய நம்பிக்கை, சட்டத்தின் பெயரிலேயே தங்கிவிட்டது. அச்சட்டத்தின் முதற் கவலை நோயாளியின் சுகமன்று. அவரை எங்கே, யாருடைய உத்தரவின் பேரில் அடைத்து வைப்பது என்பதே.

ஆயினும் அக்காலத்திலேயே வேறு வழி கண்டவர்கள் இருந்தனர். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைவராக விளங்கிய டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரை வாயிலோடு திருப்பி அனுப்பவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்குமாறு செய்தார். நோயின் தன்மையையும், அதில் எவர் மீதும் பழி இல்லை என்பதையும், குணமடைந்தவரை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைத்தார். கூடாரத்தில் தங்கிய தாயும் தமையனும் நோயாளிக்கு உணவூட்டினர். அவர் தேறி வருவதைக் கண்ணால் கண்டனர். உடன் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினர். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநோய்ப் பிரிவிலும் குடும்பத்தோடு தங்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. படுக்கைப் பஞ்சத்துக்குக் கண்ட எளிய உபாயம் என்று இதனைக் கருதுவோர் உண்டு. அது குறைவான மதிப்பீடாகும். மனநோய்ப் பராமரிப்பில் குடும்பத்தாரும் அறிவு உடையோர் என்பதை ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி நடைமுறையில் ஒப்புக்கொண்டது இதன் மூலமே.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர அறுபது ஆண்டுகள் ஆயின. 1982-இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கப்பட்டது. 1987-இல் புதிய மனநலச் சட்டம் நிறைவேறி, 1993 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. மாநில மனநல ஆணையம் என்ற ஏற்பாடு இச்சட்டத்திலேயே முதன்முதல் தோன்றியது. ஆனால் அங்கத்தினர் யாவர் என்பது விதிகளுக்கு விடப்பட்டது. சுகாதாரத் துறை அதிகாரிகளும் மனநோய் நிபுணர்களுமே பெரும்பாலும் அமர்ந்தனர். நோயுற்றவருக்கோ அவருடைய குடும்பத்தாருக்கோ தனி இடம் வகுக்கப்படவில்லை.

அச்சட்டம் அமலில் இருந்த காலத்திலேயே, 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். மனநோயாளிகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் லைசென்ஸ் பெற வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தக் காப்பகம் லைசென்ஸ் பெற்றதன்று. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, சட்டத்தைச் செயற்படுத்துமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. காகிதத்தில் உள்ள ஓர் ஆணையம் ஒரு சங்கிலியையும் அவிழ்க்காது என்பதை நாடு அன்று அறிந்தது. 2007 அக்டோபர் 1-ஆம் தேதி ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா ஏற்றுறுதி செய்த பின்னர், பழைய சட்டத்தை அடியோடு மாற்ற வேண்டிய கடமையும் சேர்ந்தது. அதன் விளைவே 2017-ஆம் ஆண்டுச் சட்டம்.

சட்டம் வகுத்த இருக்கைகள்

இப்போதைய சட்டத்தின் 46-ஆவது பிரிவு அங்கத்தினரை விதிகளுக்கு விட்டுவிடாமல், தானே ஒவ்வொருவராக எண்ணிச் சொல்கிறது. மாநிலச் சுகாதாரத் துறையின் செயலாளர் அல்லது முதன்மைச் செயலாளர் தலைவர். அத்துறையில் மனநலப் பொறுப்பு வகிக்கும் இணைச் செயலாளர், சுகாதாரப் பணிகள் அல்லது மருத்துவக் கல்வி இயக்குநர், சமூக நலத் துறையின் இணைச் செயலாளர் ஆகியோர் பதவி வழியாக அமர்வோர். தேவையெனக் கருதும் பிற துறைகளின் பிரதிநிதிகளையும் அரசாங்கம் சேர்த்துக்கொள்ளலாம். இவர்களைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. அதிகாரி மாறினால் அவர் இடத்தில் வருபவர் அமர்வார்.

எஞ்சிய அங்கத்தினர் மாநில அரசாங்கத்தால் நியமிக்கப்படுவோர். மாநிலத்து மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றின் தலைவர், அல்லது அரசாங்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் மனநோய்ப் பிரிவுத் தலைவர் ஒருவர்; அரசாங்கப் பணியில் இல்லாத புகழ்பெற்ற மனநோய் நிபுணர் ஒருவர்; மனநோய்ச் சமூகப் பணியாளர், மருத்துவ உளவியல் நிபுணர், மனநல நர்ஸ் என ஒவ்வொருவர். கடைசி மூவருக்கும் தத்தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் இருத்தல் வேண்டும். நர்ஸுக்குத் தனி இருக்கை தந்திருப்பது கவனிக்கத்தக்கது. வார்டில் இரவு முழுவதும் நோயாளியின் அருகில் இருப்பவர் அவரே. டாக்டரின் குறிப்பேட்டில் ஏறாத பல செய்திகள் அவருக்குத் தெரியும்.

பாரத நாட்டு வைத்திய முறைகளிலும் ஹோமியோபதியிலும் மனநோய்த் துறையில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஒருவருக்கும் இடமுண்டு. ஆயுர்வேதம், யுனானி, சித்தம், ஹோமியோபதி ஆகிய நான்குக்கும் எந்தப் பட்டம் பொருந்தும் எனச் சட்டம் தனித்தனியே பெயரிட்டுள்ளது. சித்த வைத்தியத்துக்கு அது குறிப்பிடும் பட்டம் ‘சிறப்பு மருத்துவம்’. பாராளுமன்றம் ஆங்கிலத்தில் இயற்றிய சட்டத்தின் வாசகத்தில் இத்தமிழ்ச் சொற்கள் அப்படியே ஏறியிருப்பதைத் தமிழ் ஆசிரியர்கள் மாணவருக்குச் சுட்டிக்காட்டலாம்.

இனி வருவனவே இச்சட்டத்தின் புதுமை. மனநோய் உற்றவர் அல்லது முன்னர் உற்றிருந்தவர்களின் பிரதிநிதிகள் இருவர். பராமரிப்பாளரின், அதாவது நோயாளியைப் பேணும் உறவினர் முதலானோரின் பிரதிநிதிகள் இருவர். மனநோய் உற்றோருக்குத் தொண்டாற்றும் அரசு சாரா நிறுவனங்களின் பிரதிநிதிகள் இருவர். நியமிக்கப்படும் 12 பேரில் ஆறு பேர், அதாவது சரிபாதியினர், வைத்தியர் என்ற முறையிலோ அதிகாரி என்ற முறையிலோ வருபவரல்லர்.

இதனால் விளையக்கூடிய நன்மை யாது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஆஸ்பத்திரிகளின் தரத்துக்கு விதி வகுக்கும் கூட்டம் நடைபெறுகிறது என்று கொள்க. நிபுணர் மருந்துகளின் பட்டியலையும் டாக்டர்களின் எண்ணிக்கையையும் பற்றிப் பேசுவார். அதிகாரி செலவைப் பற்றிக் கேட்பார். கழிப்பறைக்குக் கதவு உண்டா, சொந்த உடையை அணிந்துகொள்ளலாமா, வீட்டுக்குக் கடிதம் எழுத முடியுமா என்ற வினாக்கள், ஒருகாலத்தில் அந்த வார்டில் படுத்திருந்தவரிடமிருந்தே பிறக்கும். மருந்து வாங்குவதற்காக மாதந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து 60 கிலோமீட்டர் பஸ்ஸில் வருவதைப் பற்றி, அந்தப் பஸ்ஸில் வந்த தகப்பனார்தாம் கூறுவார். இவை சிறிய விஷயங்கள் போலத் தோன்றலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் இத்தகைய சிறிய விஷயங்களே காரணம். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நரம்பியல் நிலையம் 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சையே பெறாதிருந்ததைக் கண்டது.

பராமரிப்பாளரின் நலனும் நோயுற்றவரின் நலனும் எப்போதும் ஒன்றே என்று எண்ணிவிடலாகாது. நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டுமெனக் குடும்பம் விரும்பும். வீட்டிலிருந்தே மருந்துண்ண அவர் விரும்புவார். சட்டம் இருவருக்கும் தனித்தனியே இருக்கை அளித்திருப்பதன் பொருத்தம் இங்கே விளங்கும். தகப்பனார் பேசினால் மகளும் பேசியதாக ஆகிவிடாது.

காலியான இருக்கை

அங்கத்தினரின் பதவிக் காலம் மூன்று ஆண்டுகள். மீண்டும் நியமனம் பெறலாம். ஆனால் 70 வயதுக்குமேல் பதவி வகிக்க இயலாது. ஆணையம் ஆண்டில் நான்கு முறைக்குக் குறையாமல் கூட வேண்டும். வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மையோரின் கருத்தே முடிவு. வாக்குகள் சமமாயின் தலைவருக்கு மேலும் ஒரு வாக்கு உண்டு. கம்பெனியின் டைரக்டராக உள்ள அங்கத்தினர், தமக்கு ஆதாயம் உள்ள விஷயம் விவாதத்துக்கு வரும்போது அதனை வெளிப்படையாகத் தெரிவித்து, விவாதத்திலிருந்து விலகியிருக்க வேண்டும்.

இவற்றோடு மற்றொரு விதியும் உண்டு. ஓர் இருக்கை காலியாக இருந்த காரணத்தால் மட்டும் ஆணையத்தின் நடவடிக்கை செல்லாததாகிவிடாது. எல்லாச் சபைகளுக்கும் இத்தகைய விதி அவசியமே. ஒருவர் இறந்தாலும் ராஜினாமாச் செய்தாலும் வேலை நின்றுவிடக் கூடாதல்லவா? எனினும் அதன் மறுபக்கத்தையும் நினைவில் வைத்தல் நன்று. செயலாளரின் இருக்கை ஒருபோதும் காலியாக இராது. பதவியே ஆளைக் கொண்டுவந்து அமர்த்தும். காலியாகக் கூடியவை நியமனத்துக்குரிய இருக்கைகள். நோயுற்றவரின் பிரதிநிதி இல்லாமலே ஆணையம் கூடலாம், முடிவு செய்யலாம், அம்முடிவு சட்டப்படி செல்லும். அவர் இல்லாததை மேசையில் உள்ள எவரும் உணராமலே போகவும் கூடும். ஆதலின், தத்தம் மாநிலத்தில் அந்த ஆறு இருக்கைகளும் நிரம்பியுள்ளனவா என்று கேட்பதற்குத் தொண்டு நிறுவனங்களுக்கும் பராமரிப்பாளர் சங்கங்களுக்கும் காரணம் இருக்கிறது.

ஆணையத்தின் கீழ் ஜில்லாக்கள்தோறும், அல்லது சில ஜில்லாக்களைச் சேர்த்து, மனநல மறுஆய்வு வாரியங்கள் அமைக்கப்படுகின்றன. இவற்றின் அமைப்பும் அதே கருத்தைத் தழுவியதே. ஜில்லா நீதிபதி, அப்பதவிக்குத் தகுதியுள்ள நீதித் துறை அலுவலர், அல்லது ஓய்வு பெற்ற ஜில்லா நீதிபதி தலைவர், கலெக்டரின் பிரதிநிதி ஒருவர், மனநோய் நிபுணர் ஒருவர், வேறொரு டாக்டர், மேலும் நோயுற்றோர், பராமரிப்பாளர், அவர்தம் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலிருந்து இருவர். தம் உரிமை மீறப்பட்டதாகக் கருதும் நோயாளியோ, அவர் நியமித்த பிரதிநிதியோ, அவருடைய சம்மதத்தோடு பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ கட்டணமின்றி வாரியத்துக்கு மனுச் செய்யலாம். வாரியத்தின் முடிவில் குறை கண்டால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம்.

களப் பணியாளரும் ஆசிரியரும்

சுகாதார ஊழியருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ ஆணையத்தில் இருக்கை இல்லை. ஆயினும் தலைநகரில் கூடும் சபைக்குக் கிராமத்து நிலை தானாகத் தெரிந்துவிடுவதில்லை. 1980-களில் கர்நாடகத்தின் பெல்லாரி ஜில்லாவில் நடந்த சோதனை முயற்சியில், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் குறுகிய பயிற்சி அளித்து, சில அவசிய மருந்துகளைக் கொண்டே பல நோயாளிகளை அவரவர் ஊரிலேயே கவனிக்க இயலும் எனக் காட்டப்பட்டது. 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி. நோயாளியை முதலில் கண்டறிபவர் கிராம ஊழியர் என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது.

எது பதிவு செய்யப்பட வேண்டிய நிலையம் என்பதை அவர்கள் தெளிவாக அறிதல் வேண்டும். மனநோய் உற்றோரைச் சிகிச்சைக்காகவோ, பராமரிப்புக்காகவோ, மறுவாழ்வுக்காகவோ, தற்காலிகமாகவேனும் தங்கவைக்கும் எந்த நிலையமும் அதில் அடங்கும். ஆசிரமம் என்றோ, இல்லம் என்றோ, தருமச் சாலை என்றோ பெயர்ப் பலகை இருப்பதால் விலக்குக் கிட்டாது. உற்றார் உறவினரோடு நோயாளி வாழும் குடும்ப வீடு மட்டுமே இதற்குப் புறம்பானது. பதிவின்றி நிலையம் நடத்துவோருக்கு முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் 95-ஆவது பிரிவால் அறவே தடை செய்யப்பட்டுள்ளது. இத்தடை இருந்தும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் வழிபாட்டு இடம் ஒன்றைச் சார்ந்த காப்பகத்தில் நோயாளிகள் சங்கிலியிடப்பட்டிருந்தது பற்றிய வழக்கு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது.

வீட்டுக்குள்ளேயே ஒருவர் கொடுமைப்படுத்தப்பட்டால் அல்லது கைவிடப்பட்டால் வேறு வழி உள்ளது. பராமரிக்கும் பொறுப்புடையவரால் மனநோயாளி ஒருவர் துன்புறுத்தப்படுகிறார் அல்லது கவனிப்பாரின்றி விடப்பட்டுள்ளார் என்று நம்பக் காரணமுள்ள எவரும், அதனைப் போலீஸ் நிலையப் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 101-ஆவது பிரிவு. போலீஸார் மாஜிஸ்திரேட்டுக்கு அறிவிப்பர். தெருவில் அலையும் நோயாளியைக் காவலில் எடுக்கும் போலீஸார் அவரை லாக்கப்பில் வைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள் அண்மையிலுள்ள பொதுச் சுகாதார நிலையத்தில் சேர்க்க வேண்டும்.

ஆசிரியர்கள் இத்தகைய விஷயத்தில் தயங்குவது இயல்பு. குடும்பத்தின் இரகசியத்தில் தலையிடுவதாக ஊரார் குறை கூறுவர் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. குற்றம் சாட்டும் தோரணையில் போலீஸை முதலில் நாடுவதைவிட, சுகாதார ஊழியரோடு சேர்ந்து குடும்பத்தாரிடம் பேசிச் சிகிச்சைக்கு வழி செய்வதே பெரும்பாலான சந்தர்ப்பங்களில் மேலானது. சங்கிலியோ பட்டினியோ காயமோ கண்ணுக்குப் புலப்பட்டால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

பதிவில்லாத இல்லம் ஒன்றைப் பற்றி ஆணையத்துக்கு எழுதும்போது இல்லத்தின் பெயர், கிராமம், தாலுகா, எத்தனை காலமாக நடைபெறுகிறது, ஏறத்தாழ எத்தனை பேர் தங்கியுள்ளனர், பெண்களும் குழந்தைகளும் உண்டா, டாக்டர் எவரேனும் வந்து செல்கிறாரா, எவரேனும் பிணைக்கப்பட்டிருக்கக் கண்டதுண்டா, எந்தத் தேதியில் என்பவற்றைக் குறித்தல் போதுமானது. கேள்விப்பட்டதையும் நேரில் கண்டதையும் தனித்தனியே எழுத வேண்டும். நோயாளிகளின் பெயரை ஊரில் பரவவிடலாகாது. புகாரின் பேரிலோ தானாகவோ விசாரணைக்கும் சோதனைக்கும் உத்தரவிட ஆணையத்துக்கு 68-ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அனுப்பிய தேதியோடு கடிதத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டால் பின்னர் நினைவூட்டுவது எளிது. சிகிச்சை பற்றிய யோசனை மட்டுமே தேவைப்படும் குடும்பத்தாருக்கு, 2022 அக்டோபர் 10-ஆம் தேதி மத்திய அரசாங்கம் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுக்கலாம்.